மோப்பம்: இல்லை

மூக்கும் முழியுமாக இருக்கிறார் என்றுதான் கட்டிக்கொண்டேன். முழி சரி, மூக்கு வெறும் அலங்காரம் என்பது கல்யாணமான மூன்றாம் மாதம்தான் தெரிந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், அடுப்பில் பால் தீய்கிறது, மனுஷன் அசையவில்லை. சின்ன வயதில் ஏதோ காய்ச்சலில் மோப்பம் போய்விட்டதாம். அப்படியானால் அதுவரை என் சமையலை "வாசனை தூக்குது" என்று புகழ்ந்ததெல்லாம் பொய். வந்த கோபத்துக்கு இரண்டு நாள் நான் பேசவில்லை.

இந்த லட்சணத்தில் அவருக்கு வேலை, ரசாயன ஆலையில் காற்றைப் பரிசோதிப்பது. அங்கே பாஸ்ஜீன் என்று ஒரு விஷவாயு. மூக்குக்கு எட்டும்போதே அளவு மீறியிருக்குமாம். அதனால் சுவரில் ஒரு பெட்டி காற்றை உறிஞ்சி வெள்ளைக் காகித நாடாவின் மேல் விட்டுக்கொண்டே இருக்கும். துளி வாயு இருந்தாலும் நாடாவில் கறை விழும். அந்தக் கறையைக் கண்டுபிடிப்பதில் பதினாறு வருஷமாக இவரை அடிக்க ஆளில்லை.

போன மாதம் ஆலை டாக்டர் ஒரு குப்பியை நீட்டி என்ன வாசனை என்று கேட்க, இவர் உண்மையைச் சொல்லித் தொலைத்தார். ஃபைலில் "மோப்பம்: இல்லை" என்று சிவப்பில் ஏறியது. திங்கட்கிழமையிலிருந்து ஸ்டோர் ரூமுக்குப் போகச் சொல்லிவிட்டார் மேலாளர். அன்றிலிருந்து இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை, அந்த வேலையில் கடைசி நாள், நாடாவில் லேசாக ஒரு கறை. மேலாளரும் இரண்டு ஃபிட்டர்களும் குழாய்ப் பக்கம் போய் மோந்து பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, பெட்டிதான் பழுது என்றார்கள். இவர் நாடாவை மாற்றிப் பார்த்தார். மறுபடியும் கறை.

"நீங்க உங்க மூக்க நம்புறீங்க சார். எனக்கு அந்தத் தொல்லை இல்ல," என்று சொல்லி, யாரையும் கேட்காமல் ஆலையை நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டார்.

முகமூடி போட்டுக்கொண்டு போனவர்கள், குழாய் இணைப்பு ஒன்றில் வாஷர் விரிசல் விட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கீழே இருபது பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மூக்கறுபட்டாலும் மேலாளர் நல்ல மனுஷன். அன்றைக்கே ஃபைலை வரவழைத்து, சிவப்பு எழுத்துக்குப் பக்கத்தில் "தேவையும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இதையெல்லாம் சமையலறை வாசலில் நின்று, ஷூவைக்கூடக் கழற்றாமல் சொன்னார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. வாயைப் பிளந்து கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பால் அடிபிடித்துப் புகைகிறது. இந்த முறை எனக்கும் வாசனை தெரியவில்லை.