பள்ளிபாளையத்தில் தறி நின்ற விதம்

என் எழுத்து ஏறியும் இறங்கியும் இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள். இரவுப் பள்ளியில் சேர்ந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. நம் பள்ளியின் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஒரு பயணம் எழுதச் சொன்னார்கள். ஆடிப் பதினெட்டுக்கு என் மகள் மேகலாவை அழைத்துவரப் பள்ளிபாளையம் போனதை எழுதுகிறேன். அவள் அம்மா இறந்துபோனபிறகு வீட்டில் நான் மட்டும்தான்.

நாமகிரிப்பேட்டையில் காலை ஆறு மணிக்குப் பஸ். ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் மாற வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து ஆறு ரூபாய். ராசிபுரத்தில் பலகையை நானே படித்துவிட்டு, "ஏனுங்க, திருச்செங்கோடுங்களா?" என்றேன். பலகையில்தான் இருக்கிறதே என்றார் டிரைவர்.

"படிச்சுட்டனுங்க. சரியாப் படிச்சனான்னு கேட்டனுங்க."

சிரித்துக்கொண்டே முன் சீட்டைக் காட்டினார்.

மேகலா பாலிடெக்னிக் படித்தவள். துணியில் குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்தால் விசைத்தறியைத் தானே நிறுத்தும் பெட்டி ஒன்றை, ஒரு பட்டறையில் செய்கிறாள். நான் போனபோது சோதனை நடந்தது. நூல் அறுந்தும் தறி ஒரு சாண் துணிக்கு ஓடிவிட்டது. பெட்டியை வாங்க வந்திருந்த தறிக்காரர் முகத்தைச் சுளித்தார்.

பெட்டிக்குள் மரவட்டை போலப் பல கால்களுடன் ஒரு சிப்பு, அதுதான் பெட்டிக்கு மூளை. சாதாரணக் காலில் வரும் சேதியை, தன் வேலைக்கு நடுவே முறை வைத்துப் பார்க்கும்போதுதான் சிப்பு தெரிந்துகொள்ளுமாம். இன்டரப்ட் கால் என்று சில உண்டு. அதில் சேதி வந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடும். நூல் அறுந்த சேதியைக் கொண்டுவரும் ஒயரை அவள் சாதாரணக் காலில் வைத்திருந்தாள். அதை இன்டரப்ட் காலுக்கு மாற்றிப் பற்றவைத்தாள். புரோகிராமிலும் சொல்லிவைத்தாள். பிறகு கத்தரியால் நூலை வெட்டினாள். தறி அங்கேயே நின்றது.

எல்லா ஒயரையும் அந்த மாதிரிக் காலிலேயே வைக்கலாமே என்றேன்.

"எல்லாரும் கூப்புட்டுட்டே இருந்தா, அது வேலைய எப்பப் பாக்குமுங்கப்பா?"

மற்ற தறிகளுக்கும் இந்த மாதமே வேண்டும் என்றார் தறிக்காரர். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். வந்த காரியத்தை நான் சொல்லவில்லை.

பஸ் ஏறும்போது அவளே கேட்டாள். "எதுக்கு வந்தீங்கன்னு சொல்லவே இல்லீங்களே?"

"உன்னையப் பாக்கத்தான் சாமி."

என் பையை எடுத்துக் கொடுத்தாள். "வேணும்னா தந்தி குடுங்க. 'வா'ன்னு மட்டும் எழுதுங்க. எல்லாத்தையும் போட்டுட்டு வந்துருவேனுங்க."

போகிறவர்கள் திருச்செங்கோட்டிலேயே சாப்பிட்டுவிடுங்கள். பட்டறைப் பக்கம் நல்ல கடை இல்லை.

ஆடிப் பதினெட்டு போய்விட்டது. 'வா' எனக்கு நன்றாகவே எழுத வருகிறது. தபால் ஆபீசில் தந்தி கொடுக்கும் ஜன்னல் வரை போனேன். திரும்பி வந்து ஒரு கார்டு வாங்கினேன். மழை பெய்தது, எருமை கன்று போட்டது என்று எழுதினேன். நேரம் கிடைக்கும்போது படிப்பாள். அடுத்த வாரமும் கார்டுதான் எழுதுவேன்.