பெருநாள் மாதச் சம்பளம்

காலை ஏழு ஐம்பது. கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையின் பின்வாசலில் முதலில் கண்ணில் பட்டது ஒரு ஜோடி வெள்ளைக் காலணிகள். என் தங்கை அவற்றைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, கார் நிறுத்துமிடத்துச் சிமெண்டுக் கட்டையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரவு வேலை முடிந்து வருகிறவள் வழக்கமாக நின்றுகொண்டுதான் இருப்பாள். உட்கார்ந்தால் அங்கேயே தூங்கிவிடுவேன் என்பாள்.

காரில் ஏறியதும் இருக்கையைப் பின்னால் சாய்த்துப் படுத்துக்கொண்டாள்.

"மெதுவா ஓட்டுண்ணே. ரோட்டுல மேடு வந்தா முன்னாடியே சொல்லு."

அவள் கணவர் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுகிறார். அவர் வேலையில் இருக்கும் காலைகளில் நான்தான் அவளைப் பண்டமாரான் வீட்டில் கொண்டுபோய் விடுவேன். செய்தித்தாள் வேலையை விட்ட பிறகு எனக்குக் காலையில் அவசரம் ஒன்றும் கிடையாது.

அவள் குழந்தைகள் வார்டில் தாதி. பதினோரு வருட அனுபவம். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு நான்கு வயதுச் சிறுமிக்குக் கையில் டிரிப் ஊசி ஏற்றவேண்டியிருந்தது. இரண்டு பேர் பிடிக்க வேண்டிய குழந்தையை, ஆள் இல்லாததால் இவள் ஒருத்தியே குனிந்து பிடித்திருக்கிறாள். குழந்தை உதைத்துக்கொண்டு கட்டிலிலிருந்து நழுவ, விழாமல் தடுக்க இவள் உடம்பைத் திருப்பியிருக்கிறாள். முதுகெலும்பில் ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்றார் எலும்பு மருத்துவர். எதையும் தூக்கக்கூடாது, முடிந்தால் இரவு வேலையைக் குறைக்கவேண்டும்.

"பெரியவங்க வார்டுல ஒரு ஊசிக்கு ஒரு நர்ஸ் போதும்," என்றாள் கண்ணைத் திறக்காமல். "எங்க வார்டுல ஒரு ஊசிக்கு ரெண்டு நர்ஸ், ஒரு அம்மா, போன்ல ஒரு கார்ட்டூன்."

"சம்பளம்?"

"அது ஒண்ணுதான். ஆளு சின்னது, அதனால வேலையும் சின்னதுன்னு நெனச்சிட்டாங்க லா."

வார்டுப் பொறுப்பாளர், ஒரு மலாய்க்காரப் பெண்மணி, அன்று காலை அவளைத் தனியே கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். கீழ்த்தளத்துக் குழந்தைகள் கிளினிக்கில் ஓர் இடம் காலியாகிறது. எட்டிலிருந்து ஐந்து வரை வேலை. ஞாயிறு விடுமுறை. எடை பார்ப்பது, உயரம் அளப்பது, தடுப்பூசிக்கு மருந்து எடுத்து வைப்பது. யாரையும் தூக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும்.

"நல்லதுதானே?" என்றேன்.

"நல்லதுதான். சம்பளத்தக் கேக்க மாட்டியே."

செய்தித்தாளில் தாதியர் சம்பளம் பற்றி எழுதும்போது ஒரே ஓர் எண்ணைப் போடுவோம். அது அடிப்படைச் சம்பளம். அவளுடையது மூவாயிரத்து நூறு மலேசிய வெள்ளி. ஆனால் மாதக் கடைசியில் கையில் வருவது வேறு. இரவு வேலைக்கு ஒவ்வோர் இரவுக்கும் ஒரு தொகை. ஆள் வராத நாளில் கூடுதல் நேரம். குழந்தை மருத்துவத்தில் அவள் தனியாகப் படித்து வாங்கிய சான்றிதழுக்கு மாதம் இருநூற்றைம்பது. பொது விடுமுறையில் வேலை செய்தால் அந்த நாளுக்கு மூன்று மடங்கு. அவளோடு படித்து அரசாங்க மருத்துவமனைக்குப் போனவளுக்கு அடிப்படையும் அதிகம், பிற்காலத்துக்கு ஓய்வூதியமும் உண்டு. ஆனால் அவர்கள் படித்து முடித்த வருடம் அங்கே நிரந்தர இடம் கிடைத்தவர்கள் சிலர்தான். கீழே கிளினிக்குக்கு இறங்கினால் என் தங்கைக்கு இரவுத் தொகை நிற்கும், விடுமுறைச் சம்பளம் நிற்கும். சான்றிதழ்த் தொகையும் வார்டில் நிற்பவர்களுக்குத்தான். படிப்பு மட்டும் அவளோடு கீழே வரும்.

வீட்டில் அவள் கணவர் அப்போதுதான் வந்து தேநீர் கலக்கிக்கொண்டிருந்தார். அவள் தரையில் பாயை விரித்துப் படுத்தபடியே விஷயத்தைச் சொன்னாள்.

"ஆபீஸ் டைம் வேலையா? அப்ப நானும் ஞாயித்துக்கிழமை பொண்டாட்டி கையால சாப்பிடலாம்," என்றார் அவர்.

"கையால சாப்பிடலாம். எதைச் சாப்பிடறது?"

அவர் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. அந்த வீடு வாங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மாதத் தவணை ஆயிரத்து அறுநூறு. லோரி வருமானம் கப்பல் வருவதைப் பொறுத்தது என்பதால், வங்கி அவள் சம்பளத்தை வைத்துத்தான் கடன் கொடுத்தது. விண்ணப்பம் எப்போது போடவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது வீட்டுத் தரகர். "மார்ச்சுல போடுங்க தம்பி. வங்கி கடைசி மூணு மாசச் சம்பளச் சீட்டத்தான் கேக்கும். நர்ஸுங்களுக்கு அதான் சீசன்."

அவர் சொன்னது சரிதான். டிசம்பரில் சுல்தான் பிறந்தநாள், கிறிஸ்துமஸ். ஜனவரியில் புத்தாண்டு, தைப்பூசம். பிப்ரவரியில் சீனப் புத்தாண்டு இரண்டு நாள். இங்குள்ள மருத்துவமனைகளில் ஒரு வழக்கம் உண்டு: அவரவர் பெருநாளுக்கு அவரவர் விடுப்பு எடுக்க, மற்ற இனத்தவர்கள் வேலையை ஏற்றுக்கொள்வார்கள். அந்த மூன்று மாதமும் என் தங்கை எல்லாருடைய பெருநாளையும் ஏற்றுக்கொண்டாள். தைப்பூசத்தையும் விடவில்லை. பிப்ரவரிச் சீட்டில் நாலாயிரத்து எண்ணூறு இருந்தது. வங்கி அதிகாரி அதைப் பார்த்துத் தலையசைத்தார். வீடு கிடைத்தது. அதன் பிறகு, பெருநாள் இல்லாத மாதங்களில் அந்தச் சம்பளம் வரவேயில்லை; தவணை மட்டும் மாறவில்லை.

"வங்கிய கேட்டுப் பாப்போம் மச்சான். வருசத்த நீட்டிச்சா தவணை குறையும்ல?" என்றார் அவள் கணவர் என்னிடம்.

திங்கட்கிழமை அவரே தொலைபேசியில் கேட்டார். நீட்டிக்கலாம் என்றார்கள். புதிதாக விண்ணப்பம் போடவேண்டும். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள் வேண்டும். அவளுடைய கடைசிச் சீட்டில் பாதி மருத்துவ விடுப்பு; இரவுத் தொகையும் அதற்கேற்பக் குறைந்திருந்தது.

புதன்கிழமை அவளைத் தலைநகரிலுள்ள பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அழைத்துப் போனேன். வளைகுடா நாட்டு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் முகவர் அலுவலகம், ஒரு துணிக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில். மின்தூக்கி இல்லை. அவள் கைப்பிடியைப் பிடித்து ஏறி, ஒவ்வொரு வளைவிலும் நின்றாள்.

மேசைக்குப் பின்னாலிருந்த பெண் அவளைவிட இளையவள். வேகமாகப் பேசினாள்.

"எந்த வார்டு அக்கா?"

"பீடியாட்ரிக்."

"தீவிர சிகிச்சையா, சும்மா வார்டா?"

"சும்மா வார்டுதான்."

"தீவிர சிகிச்சைன்னா இன்னும் கூட கிடைக்கும். பரவாயில்ல, சான்றிதழ் இருக்குல்ல? அது போதும். தங்க இடம் அவங்களே குடுப்பாங்க, வரி இல்ல." அவள் சொன்ன சம்பளம் இங்கே கையில் வருவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒப்பந்தம் இரண்டு வருடம். என் தங்கை தன் மகளின் வயதை எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிக்கொண்டாள். ஒன்பது.

பிறகு அந்தப் பெண் மருத்துவப் பரிசோதனைக்கு வந்தாள்.

"ரத்தம், நெஞ்சு எக்ஸ்ரே, முதுகு எக்ஸ்ரே. இங்க ஒரு தடவ, அங்க எறங்குனதும் ஒரு தடவ. எதுவும் இருந்துச்சுன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. டிக்கெட்டு காசு உங்க கைக்காசு."

"முதுகு எதுக்கு?"

"தூக்கற வேலதானே அக்கா? தூக்க முடியுமான்னு பாக்கணும்ல."

என் தங்கை தன் சான்றிதழ்களை உறையில் திரும்பப் போட்டாள். "யோசிச்சு சொல்றேன்."

"முதுகு ஏதும் பிரச்சனையா?" என்று கேட்டாள் அந்தப் பெண், உண்மையான அக்கறையோடு. "ரெண்டு மாசம் ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க. எங்ககிட்ட வந்த நெறைய பேரு அப்படித்தான் செஞ்சாங்க."

"ரெஸ்ட் எடுத்தா சம்பளம் யாரு குடுப்பா? நீங்க குடுப்பீங்களா?"

இருவரும் சிரித்தார்கள். நாங்கள் இறங்கி வந்தோம். ஃபெடரல் நெடுஞ்சாலையில் வண்டிகள் நகரவில்லை. ஷா ஆலம் வருமுன் அவள் தூங்கிப்போனாள்.

வெள்ளிக்கிழமை அவள் வார்டுப் பொறுப்பாளரிடம் போய், மேலே வார்டிலேயே இருந்துகொள்வதாகச் சொன்னாள். ஊசி ஏற்றும்போது பிடிக்க மட்டும் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று கேட்டாள். ஆள் இருக்கும் நாட்களில் கூப்பிடமாட்டோம் என்றார் அவர். அவர் கெட்டவர் இல்லை. கிளினிக் இடத்தை இவளுக்காக இரண்டு வாரம் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததாக அப்போதுதான் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை அந்தக் கிளினிக் வேலையில் ரவாங்கிலிருந்து வந்த ஒரு பெண் சேர்ந்தாள்.