கராஜில் இருந்த மாமி

புதுக் கம்பளத்தின் பசை மணம் மூக்கில் பட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். 2011இல் நாங்கள் ஆஸ்திரேலியாவின் ரோவிலில் இருந்தபோது, மற்றப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடப் போக, என்னை அப்பா ‘டிஸ்ப்ளே ஹோம்’ பார்க்க இழுத்துப் போவார்; காட்டுவதற்கென்றே கட்டி வைத்த அந்த ஆளில்லாத வீடுகளில், பிளாஸ்டிக் பழங்கள் வைத்த மேசைகளுக்கு நடுவே, கோயிலுக்குள் நடப்பதுபோல் நடப்பார்.

எங்களுக்கு வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை. அதில் ஒன்றை அப்படியே யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரில் கட்டினார். போர் முடிந்து, வெளிநாட்டில் ஆள் இருந்த குடும்பங்களெல்லாம் பழைய வீட்டை இடித்துக் கண்ணாடியும் தூணுமாக எழுப்பிக்கொண்டிருந்த காலம். எங்கள் பழைய வீட்டில் அப்பாவின் அக்கா, என் மாமி, தனியாக இருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. தொலைபேசியில் அவர்தான் கேட்டார்.

“தம்பி, குசினிக்குக் கதவில்லையாமே. நான் மீன் பொரிக்கிறதை வாற சனமெல்லாம் பாக்கிறதோ?”

“இங்க எல்லாரும் இப்பிடித்தான் அக்கா கட்டுகினம். ஸ்டைல்.”

“யன்னலும் திறக்காதாம்.”

“ஏசி இருக்குத்தானே.”

“கரண்ட் நிண்டா உன்ர ஸ்டைலே விசிறும்?”

அந்த மாதிரி வீட்டுச் சுவரில் இருந்த குளிர்காயும் அடுப்பைக்கூட அப்பா விடாமல் கட்டுவித்தார். அந்த வெயிலில்! மாமி அதற்குள் சாமிப் படங்களை வைத்தார்.

முதல் கோடையிலேயே மாமி கட்டிலைக் கராஜுக்கு இழுத்துக்கொண்டார். கார் இல்லாத கராஜ். ஷட்டரைத் தூக்கினால் காற்று வரும். அங்கேயே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டிச் சமைத்தார். ஊர் சிரித்தது. அப்பா ரோவிலில் இருந்து கத்தினார்: “ஷட்டரை இறக்கி வையுங்கோ அக்கா, சனம் பாக்குது!”

“இறக்கினா நான் அவிஞ்சு செத்துப்போவன், தம்பி.”

அவர் இறக்கவில்லை. சாகும்வரை அங்கேதான் இருந்தார்.

போன வருடம் நானும் அப்பாவும் வீட்டைப் பார்க்கப் போனோம். கம்பளத்தைக் கறையான் தின்றிருந்தது. பழைய வீட்டின் ஒரு கல்லும் மிச்சமில்லை. மத்தியானம் மின்சாரம் நின்றது. அப்பா திறக்க முடியாத பெரிய கண்ணாடி யன்னலுக்கு முன்னால் வியர்த்து வழிய நின்றார். பிறகு கதிரையைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போய், ஷட்டரை மேலே தள்ளிவிட்டு, மாமியின் கட்டில் கிடந்த இடத்தில் உட்கார்ந்தார். எனக்கு அவரோடு பேச விருப்பமில்லை.