2774 வந்து சேர்ந்த கதை

எனக்குத் திருப்பதியில் வீடு; சித்தூர் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் மின்சாரப் பராமரிப்பு வேலை. பருவத்தில் பழ லாரிகள் ஆலை வாசலில் இரண்டு நாள் வெயில் காயும். அடியில் இருக்கும் பழம் அழுகிவிடும். தோப்பிலிருந்தே போன் செய்து, ஆலை விவசாயிகளுக்குக் கொடுத்திருக்கும் அட்டையின் எண்ணை அமுக்கினால் வரிசையில் இடம் கிடைக்கட்டும் என்று ஒரு பெட்டி செய்தேன். போனில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு தனி ஒலி. பெட்டி அதைக் கேட்டு எண்ணாக்கி, சீரியல் கேபிள் வழியே கணினிக்கு அனுப்பும். வீட்டில் நூறு தடவை சரியாக வந்தது. அந்தத் திமிரில் மேனேஜருக்குக் காட்ட நானே நாள் குறித்தேன்.

அன்று காலை குடிபாலாவிலிருந்து ஓர் அம்மா, பழம் ஏற்றிய லாரியைத் தோப்பில் நிறுத்திவிட்டு அழைத்தார். அட்டை எண் 2774. திரையில் 2222227777777744444 என்று ஓடியது.

"ஏமண்டி, இது நம்பரா, ரயிலா?" என்றார் மேனேஜர். "மத்தியானத்துக்குள்ள சரியா வரலேன்னா பெட்டிய எடுத்துக்கினு போயிடுங்க."

சட்டை நனைந்துவிட்டது. முகத்தில் மட்டும் நிபுணர் சிரிப்பு. கேபிளை மூன்று முறை பிடுங்கிச் செருகினேன். ஒன்றும் புரியாதபோது நான் செய்யும் வைத்தியம் அது. பிறகு, ஒரே எண் தொடர்ந்து வந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும்படி நிரலை மாற்றி, போனில் அந்த அம்மாவை மறுபடி அமுக்கச் சொன்னேன்.

"274 தானேம்மா?"

"இன்னா நைனா, ஒரு நம்பரத் துன்னுட்டியா? ரெண்டு ஏழு கீது!"

"எப்படிம்மா அமுக்கறீங்க?"

"தோப்பு மோட்டாருக்கு அமுக்கற மாதிரிதான். நல்லா அமுக்கிப் புடிச்சிக்கினு இருந்தாத்தானே தண்ணி வருது?"

போனிலேயே மோட்டார் போட்டுப் பழகிய விரல் அது. நானோ டீவி ரிமோட்டைப் போலத் தட்டிப் பார்த்திருந்தேன். ஒலி நீடிக்கும்வரை என் நிரல் அதே எண்ணைத் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறது. ஒருமுறை அனுப்பியபின் ஒலி நிற்கும்வரை சும்மா இரு என்று இரண்டே வரி எழுதினேன். அதிலேயே மூன்று பிழை, அவற்றையும் திருத்தினேன்.

"இப்ப உங்க இஷ்டத்துக்கு அமுக்குங்கம்மா."

2774.

"கெளம்புங்க, மூணு மணிக்கு உங்க லாரிதான் மொதல்ல" என்றேன் போனில்.

மேனேஜர் திரையையே பார்த்தபடி, "இன்னும் நாலு பெட்டி செய்வீங்களா?" என்றார்.

மூன்று மணிக்கு அந்த லாரி வாசலில் நிற்காமல் நேராக உள்ளே போனது. வாசல் விளக்கைப் பழுது பார்ப்பவன்போல் ஏணிமேல் நின்று, பட்டப்பகலில், ஆசை தீரப் பார்த்தேன்.