காலில் உப்போடு

அவளுடைய வளையல்கள் பத்து மணிக்கு மேல் சத்தம் போடுவதில்லை. இதை அவள் ஒரு குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஏழாம் மாதம் வளைகாப்பு நடத்தி, இரண்டு கையிலும் கண்ணாடி வளையலை அடுக்கியிருந்தார்கள். விடியற்காலையில் உப்பளத்துக்குப் போகும்போது கலகலவென்று இருக்குமாம். வெயில் ஏற ஏற வளையல் கையோடு ஒட்டிக்கொள்ளுமாம்.

“பத்து மணிக்கு மேல ஆட்டினாக்கூட சத்தம் வராதுக்கா. அதுங்களுக்கும் களைப்பா இருக்குது போல.”

நான் அதை எழுதிக்கொள்ளவில்லை. படிவத்தில் வளையலுக்கு இடம் இல்லை.

மரக்காணம் உப்பளங்களில் வேலை செய்யும் கர்ப்பிணிகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. புதுச்சேரியிலிருந்து ஒரு பெண் டாக்டர், கூனிமேடு தாண்டித் தானே காரோட்டிக்கொண்டு, செவ்வாய்தோறும் வருவார். எங்கள் தெருமுனைக் கட்டடத்தில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, எடை பார்க்கும் கருவி, ரத்த அழுத்தம் அளக்கும் கருவி. என் வேலை, டாக்டரின் கேள்விகளைப் பேச்சுத் தமிழில் கேட்டு, வருகிற பதிலை எழுத்துத் தமிழில் நிரப்புவது. கவிதை எழுதுகிறவளுக்கு இதைவிட நல்ல தண்டனை கிடையாது. “உடம்பு ஒரு மாதிரி வருது” என்று ஒருத்தி சொன்னால், அந்த ஒரு மாதிரியை எந்தக் கட்டத்தில் போடுவது?

இன்னொரு வேலையும் இருந்தது. அந்தப் பருவம் முடிவதற்குள் சட்டமன்ற உறுப்பினர்கள் குழு ஒன்று உப்பளங்களைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் கையில் கொடுக்க இரண்டு பக்கக் குறிப்பு வேண்டும். திண்டிவனத்தில் கார் ஏறினால் மரக்காணத்தில் இறங்குவதற்குள் படித்து முடித்துவிட வேண்டும், அப்படி எழுதுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவளுடைய கதை இது. முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அசைவு நின்று போனது. அப்போது அழுத்தம் ஏறியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. இப்போது இரண்டாவது, மறுபடியும் எட்டாம் மாதம். இந்த மாதிரிக் கர்ப்பத்தைக் கண்ணை மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஆனால் செவ்வாய்க்கிழமை ஒவ்வொன்றிலும் அவளுடைய அளவு நன்றாகவே இருந்தது. நன்றாக இருப்பதால் அவள் வேலைக்குப் போனாள். மற்றப் பெண்களின் அளவும் பெரும்பாலும் அப்படித்தான். குறிப்பின் முதல் வரைவில் டாக்டர் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததன் சாரம், கவலைப்படும்படி ஒன்றும் தென்படவில்லை என்பதுதான். நான் தமிழாக்கத் தொடங்கியிருந்தேன்.

அந்த வாரம் எனக்கே ஒரு பரிசோதனை இருந்தது. இடது மார்பில் கட்டி வந்து, எடுத்து, மருந்து ஏற்றி, முடி கொட்டி, முடி முளைத்து, அதெல்லாம் ஆகி இரண்டு வருடம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டும். தொடக்கத்தில் அங்கே ஒரு டாக்டர் தாளில் ஒரு கோடு வரைந்து காட்டினார். மெல்ல மெல்ல இறங்கும் கோடு. என்னைப் போன்றவர்கள் எத்தனை பேர் எத்தனை காலம் என்பதற்கான கோடு. இதில் நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டேன். அது கூட்டத்தின் கோடு, உங்களுடையது அதற்குள் எங்கோ இருக்கிறது, இப்போதைக்குத் தெரியாது என்றார். அந்த ‘எங்கோ’வில்தான் இரண்டு வருடமாகக் குடியிருக்கிறேன்.

பரிசோதனைக்கு முந்தின நாள் புடவைக்கு இஸ்திரி போட்டேன். காலையில் தலைக்குக் குளித்து, பவுடர் போட்டு, பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து இளைப்பாறிப் போனேன். எப்படி இருக்கிறீர்கள் என்று அந்த ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டதும் “நல்லா இருக்கேன் டாக்டர்” என்றேன். மதியத்துக்கு மேல் இடது கை கனக்கிறது, குடம் தூக்க முடியவில்லை, இதைச் சொல்லவே இல்லை. கனம் அந்த நேரத்தில் இல்லை, அதனால் பொய்யும் இல்லை. திரும்பும் பேருந்து காலாப்பட்டு தாண்டும்போது எனக்குள் ஏதோ தடுக்கிற்று. நாங்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு உடம்பைக் கொண்டுபோவதில்லை. உடம்பைக் குளிப்பாட்டி, உடுத்தி, அதன் நல்ல முகத்தைக் கொண்டுபோகிறோம்.

செவ்வாய்க்கிழமைகளை மறுபடி நினைத்துப் பார்த்தேன். டாக்டர் பதினொரு மணிக்கு வருவார் என்றால், அன்று பெண்கள் யாரும் அளத்துக்குப் போவதில்லை. காலில் உப்போடு டாக்டர் முன்னால் போய் நிற்பது மரியாதை இல்லை. உப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த பாதத்தைத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் பூசி, பூ வைத்து, எட்டரைக்கே வந்து மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துவிடுவார்கள். கோயிலுக்கு வந்ததுபோல. இரண்டரை மணிநேரம் கதை பேசி, மோர் குடித்து, அப்புறம்தான் கையை நீட்டுவார்கள். நாங்கள் அளந்தது ஓய்வு நாளை. இந்த ஊரில் பிறந்தவளுக்கு இது தெரியாமல் போனது எப்படி என்று கேட்டால், நானும் அப்படிப் போகிறவள்தான் என்பதைத் தவிரப் பதில் இல்லை.

டாக்டரிடம் போனில் சொன்னேன், வளையலையும் சேர்த்து. வெயிலில் வேலை செய்தால் யாருக்கும் கை வீங்கும், வீக்கத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். ஆஸ்பத்திரியில் இயல்பாக இருந்து, வேலையிடத்தில் ஏறும் அழுத்தம் என்று ஒன்று இருப்பதாகவும் சொன்னார். பிறகு “நாளைக்கு எத்தனை மணிக்கு அங்க இருக்கணும்?” என்று கேட்டார்.

“பத்து.”

உப்பளத்தில் பத்து மணி என்பது ஒரு நேரமில்லை, ஓர் இடம். அதற்குள் நுழைந்தால் நிழல் கிடையாது. மேலேயும் ஒரு வானம், பாத்திக்குள்ளேயும் ஒரு வானம், இரண்டும் கண்ணைக் குத்தும். பெண்கள் வரப்பில் வரிசையாகக் கூடை சுமந்து வந்து குவியலில் கொட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவள் அந்த வரிசையில் ஆறாவதாக வந்தாள். எங்களைப் பார்த்ததும் கூடையை இறக்கி, முதல் காரியமாகத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

டாக்டர் காரிலிருந்து ஒரு முக்காலியும் குடையும் கொண்டுவந்திருந்தார். வந்த உடனே அளந்தால் வேலை செய்த வேகம்தான் தெரியும், கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டும் என்றார். வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரி குடையைத் தானே வாங்கிப் பிடித்துக்கொண்டார். “டாக்டரம்மா, இந்த அளத்துல குடை புடிச்ச முதல் ஆள் நான்தான். போட்டோ எடுத்துக்குங்க” என்றார். அவள் உட்கார்ந்தாள். கை மடியில் கிடந்தது. வளையல்கள் அசையவில்லை.

கருவி இறுக்கி, விட்டு, எண்ணைக் காட்டியது. டாக்டர் அதை மறு கையில் போட்டார். பிறகு இன்னும் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி. எண்பதை ஒட்டி இருக்க வேண்டிய கீழ் எண் மூன்று தடவையும் நூறைத் தாண்டியே நின்றது. தலை வலிக்கிறதா என்று கேட்டார். தினம் வலிக்குமே, வெயில்தானே என்றாள். கண்ணில் பூச்சி பறக்கிறதா? உப்பைப் பார்த்தால் எல்லோருக்கும் பறக்கும் என்றாள். அவள் சொன்ன ஒவ்வொரு பதிலும் நியாயமாக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது.

சிறுநீர் சோதிக்க வேண்டும். அங்கே ஒதுங்க இடம் இல்லை. விடிந்ததிலிருந்து வேலை முடியும் வரை அந்தப் பெண்கள் தண்ணீர் குடிப்பதே இல்லை என்பது அன்றைக்குத்தான் டாக்டருக்குத் தெரிந்தது. குடித்தால் போக வேண்டும், போக இடமில்லை, அதனால் குடிப்பதில்லை. இதை நாங்கள் கேட்கவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை. மேஸ்திரி குடையோடு முதுகைத் திருப்பிக்கொண்டு நடந்து போனார். கூடையை இறக்கிவைத்த பெண்கள் அவளைச் சுற்றி நின்று தலைப்புகளை விரித்துப் பிடித்தார்கள். புடவைகளால் ஒரு சின்ன அறை. வந்தது கொஞ்சம்தான், தேநீர் நிறத்தில். டாக்டர் அதில் நனைத்த தாள் பட்டையின் நிறம் மாறியது, சிறுநீரில் புரதம் இறங்குவதற்கு அடையாளம்.

“இப்பவே கிளம்பணும்” என்றார் டாக்டர். “உங்களுக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. இன்னிக்கே சேர்ந்துடணும்.”

அவள் என்னைப் பார்த்தாள். போன பிள்ளையின் முகம் அவள் கண்ணில் வந்து போனதை நான் பார்த்தேன் என்று எழுதினால் அது கவிஞரின் வேலை. நான் பார்த்தது அவள் குனிந்து தன் காலைப் பார்த்ததை. முழங்கால் வரைக்கும் உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது.

“வீட்டுக்குப் போய் ஒரு சொம்பு ஊத்திக்கிட்டு வந்துடறேன்க்கா. இந்தக் கோலத்துல எப்பிடி கார்ல ஏர்றது.”

வீடு பக்கத்தில்தான். போனால் குளிப்பாள், புடவை மாற்றுவாள், கொஞ்சம் படுப்பாள், வளையல் மறுபடி குலுங்கும், இப்போது தேவலை என்று தோன்றும். எனக்கு அந்தப் பாதை முழுக்கத் தெரியும். நானே நடந்த பாதை.

டாக்டர் தன் தோளில் கிடந்த துப்பட்டாவை எடுத்துக் கார் சீட்டில் விரித்தார். “கழுவாதீங்க. அப்படியே வாங்க. எனக்கு இந்தக் கால்தான் வேணும்.”

அவள் ஏறினாள். மேஸ்திரி கதவைச் சாத்தினார்.

ஆஸ்பத்திரியில் வளையலைக் கழற்றச் சொன்னார்கள். பிரசவம் ஆகும்வரை கழற்றக் கூடாது என்று அவள் அடம்பிடிக்க, ஒரு நர்ஸ் சோப்பு நுரை தடவி ஒவ்வொன்றாக, ஒன்றுகூட உடையாமல், கழற்றி என் கையில் கொடுத்தார். வலிப்பு வராமல் இருக்க நரம்பில் மருந்து ஏற்றினார்கள். அதுவும் ஒரு வகை உப்புதான் என்று டாக்டர் விளக்கினார். உடம்பெல்லாம் சூடு பரவுது என்று முனகிக்கொண்டிருந்தவள் கண்ணைத் திறந்து, “இங்கயும் உப்புதானா?” என்றாள்.

அவள் அங்கே படுத்திருந்த அந்த வாரத்தில்தான் குழு வந்தது. அதற்கு முன் எனக்கும் டாக்டருக்கும் குறிப்பைப் பற்றி ஒரு சண்டை. வளையலில் தொடங்கலாம் என்றேன். ஒருத்தியின் கை வீங்கியது கதை, அதை வைத்து ஊருக்கே சட்டம் போடச் சொல்லக் கூடாது என்றார் அவர். சட்டம் போடுகிறவர்கள் கதையைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள் என்றேன்.

“அதான் பயமா இருக்குது. நாளைக்கு வேற யாராவது இதைவிட நல்ல கதை சொல்லுவாங்க.”

கடைசியில் வளையல் போனது. கவலைப்பட ஒன்றுமில்லை என்று இருந்த வரியும் போனது. அதன் இடத்தில், இதுவரை தப்பான நேரத்தில் அளந்திருக்கிறோம், அதனால் இந்த எண்களை நம்ப வேண்டாம் என்று டாக்டர் எழுதச் சொன்னார். தன் தப்பைத் தானே முதல் பத்தியில் வைக்கிறவரை நான் அதுவரை மொழிபெயர்த்தது இல்லை. ‘எங்களுக்குத் தெரியாதவை’ என்ற பகுதி, தெரிந்தவற்றைவிட நீளமாக அமைந்துவிட்டது.

குழு மாலை நாலு மணிக்கு வந்தது. அளத்துக்காரர் பந்தல் போட்டு, குடிநீர் கேன் அடுக்கி, மோர் வைத்திருந்தார். பெண்கள் கால் கழுவி, பூ வைத்து, நல்ல புடவையில் வரிசையாக நின்றார்கள். நான் டாக்டரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை எங்களைத் தேடி வந்து நின்றதுபோல இருந்தது.

குழுத் தலைவர் வயதானவர், குறிப்பைக் காரிலேயே படித்திருந்தார். “ஒரே வரியில சொல்லுங்கம்மா. உப்பு வேலை கர்ப்பிணிக்கு ஆபத்தா, இல்லையா?”

“தெரியலைங்க” என்றார் டாக்டர். “சரியான நேரத்துல இதுவரைக்கும் நாங்க அளக்கல. அளக்க ஒரு வருஷமாவது ஆகும்.”

“அதுவரைக்கும் நாங்க என்ன பண்றது?”

“நிழல், தண்ணி, ஒரு கழிப்பறை. இதுக்கு எங்க முடிவு வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லைங்க.”

“இதைச் சொல்ல ஆராய்ச்சி வேணுமா?”

“வேணாங்க.”

அவர் சிரித்துவிட்டார். பிறகு பந்தலையும் கேனையும் பெண்களின் ஈரக் காலையும் ஒரு சுற்றுப் பார்த்து, வேலை எத்தனை மணிக்கு நடக்கும் என்று மேஸ்திரியிடம் கேட்டார். குறிப்பின் ஓரத்தில் எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. வேலை நேரத்தில் வந்து பார்ப்பதாக அவர் சொன்னார். இன்னும் வரவில்லை. கழிப்பறைக்கு இடம் அளந்து கல் நட்டிருக்கிறார்கள், நான் இதை எழுதும்போது கல்தான் இருக்கிறது.

குழந்தை நாள் வரும் முன்பே, அறுத்து எடுக்கப்பட்டது. பெண். உள்ளங்கையில் அடங்கிவிடுகிற மாதிரி இருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் பல வாரம். ஒவ்வொரு நாளும் எப்படி என்று கேட்டால், இன்றைக்குப் பரவாயில்லை என்பார்கள். நாளையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அந்த வாரங்களில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான், அந்த ‘எங்கோ’வில் குடியிருப்பது எனக்குக் கொஞ்சம் பழகியது. அடுத்த பரிசோதனைக்கு நான் மதியம் போனேன், கை கனக்கிற நேரத்தில். சொன்னேன். அதற்கு இப்போது மருத்துவம் நடக்கிறது.

டாக்டர் செவ்வாய்க்கிழமையை விட்டுவிட்டார். இப்போது வேலை நாளில், பத்து மணிக்கு, முக்காலியோடு அளத்துக்கே வருகிறார். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு சின்னப் பெண், ஐந்தாம் மாதம், எங்கள் காரைப் பார்த்ததும் அவசரமாக வாய்க்கால் பக்கம் ஓடிக் காலைத் தேய்க்கத் தொடங்கினாள்.

வரப்பில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அளத்தில் வேலை செய்யும் புருஷனுக்குச் சோறு கொண்டுவந்தவள், கண்ணாடிப் பெட்டியில் இருந்த குழந்தை இப்போது இடுப்பில், தலையில் துண்டு. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் குரல் வந்தது.

“ஏய், கழுவாதடி. அப்பிடியே போய் உக்காரு.”