நின்றுபோன புயல்

சிங்கப்பூரில் இருப்பவளுக்குப் புயலோடு என்ன வேலை என்று என் கணவர் கேட்பார். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் புயல் உருவாவதே அபூர்வம். "மழை வந்தா கொடைய எடுத்துட்டுப் போ லா. செயற்கைக்கோள் எதுக்கு?" என்பார். எனக்கோ வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தியில் கேட்டாலே கை பரபரக்கும். மடிக்காத துணி மலையாகக் கிடந்தாலும் கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவேன்.

அலுவலகத்தில் நான் செய்வது கணினி வேலை. வீட்டிலும் அதுதான், சம்பளம் மட்டும் கிடையாது. இந்தியப் பெருங்கடலுக்கு மேலே நிற்கும் ஒரு செயற்கைக்கோள் கால்மணிக்கு ஒரு படம் எடுத்து அனுப்புகிறது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அவற்றை வரிசையாக இறக்கி, கரையோரத்தை மஞ்சள் கோடாகப் போட்டு, உயரத்தில் இருக்கும் குளிர்ந்த மேகங்களுக்குச் சிவப்புப் பூசி, சினிமா போல ஓடவிட ஒரு கணினி நிரலை நானே எழுதினேன். முதல்முறை அந்த மேகச் சுருள் என் திரையில் சுழன்றபோது நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன். கூப்பிட்ட குரலுக்கு வந்த கணவர், அழகாகத்தான் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டு, சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டார்.

எங்கள் தேவாலயப் பங்கில் தமிழ்த் திருப்பலிக்கு வருகிறவர்களில் பலர் நாகை, வேதாரண்யம் பக்கத்துக் கடலோரத்துக்காரர்கள்; இங்கே கப்பல் பட்டறைகளில் வேலை பார்க்கிறார்கள். ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை, புயல் அவர்கள் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. பூசை முடிந்ததும் கீழ் மண்டபத்தில், பாட்டு வரிகளைக் காட்டும் பெரிய திரையில் என் படங்களைப் போடட்டுமா என்று பங்குத்தந்தையிடம் கேட்டேன். சரி என்றார். காலை ஏழு மணிக்கே மடிக்கணினியை அங்கே வைத்து நிரலை ஓடவிட்டுவிட்டு மேலே போனேன். உண்மையைச் சொன்னால், அன்றைய பிரசங்கத்தில் ஒரு வார்த்தையும் காதில் ஏறவில்லை.

பத்து மணிக்குக் காப்பிக் கோப்பைகளோடு எல்லோரும் திரை முன் கூடினார்கள். முந்தைய நாள் முழுக்கப் புயல் வந்த வழி ஓடியது. மஞ்சள் கோட்டில் அவரவர் தங்கள் ஊரைத் தேடிப்பிடித்து விரலால் காட்டினார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் அதைப் பார்த்தேன். கடைசி எட்டுப் படங்களில் புயல் துளியும் அசையவில்லை. நடுக்கடலில் அப்படியே நின்றது. புயல்கள் சில சமயம் அப்படி நிற்கும் என்று படித்திருக்கிறேன். அது என் கண்ணெதிரே நடக்கிறது! மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, புயல் நின்றுவிட்டது என்று அறிவித்தேன்.

முன்வரிசையில் இருந்த ஒருவர் உடனே தொலைபேசியை எடுத்தார். பூன் லே பக்கம் தொழிலாளர் விடுதியில் தங்கியிருப்பவர். ஊரில் அவர் வீடு கடலிலிருந்து இரண்டாவது தெருவில். மனைவி, இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையாக அப்பா. எல்லோரையும் உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு ஏற்றிப்போக அன்று காலை வேன் வந்திருந்தது. "அப்பாவத் தூக்கிக்கிட்டு அலையாத. இங்க படத்துல பாத்துட்டேன், நின்னுடுச்சு" என்று மனைவியிடம் சொன்னார். மனைவியும் சரி என்றாராம்.

தொலைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு இவர் மறுபடி திரையைப் பார்த்தார். கடலுக்குப் போய் வளர்ந்த கண். வெகுநேரம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அக்கா, புயல் நின்னா சரி. சுத்தி இருக்கிற குட்டி மேகம்லாம் கூடவா நிக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் படங்கள் லண்டன் தேதிப்படி அடுக்கப்படுகின்றன. சிங்கப்பூரில் காலை எட்டு மணி அடித்தால்தான் அங்கே தேதி மாறும். நான் ஏழு மணிக்கு ஓடவிட்ட நிரலோ எட்டுக்குப் பிறகும் பழைய தேதியிலேயே தேடி, அங்கே கடைசியாக இருந்த படத்தையே திரும்பத் திரும்ப எடுத்து ஒட்டியிருக்கிறது. எப்போதும் மாலையில் வீட்டுக்கு வந்து ஓட்டுகிறவள், தூங்கப்போகும்முன் அணைத்துவிடுவேன். காலை எட்டு மணியை என் நிரல் பார்த்ததே இல்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டது என்ற கதைதான். அவசரக்குடுக்கை என்று என்னையே திட்டிக்கொண்டு தேதியை மாற்றினேன். புதுப் படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. திரையில் புயல் ஒரு சாண் நகர்ந்திருந்தது, நேராக அவர் ஊரைப் பார்த்து.

அவர் அழைத்தார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. வேன் போயிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. நாலாவது தடவை எடுத்தார்கள். ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு, கிளம்பு, கிளம்பு என்று இவர் மூச்சுவிடாமல் சொன்னார்.

"நான் அப்பவே வேன்லதாங்க இருந்தேன்" என்றது பெண்குரல். "மாமாவும் பக்கத்துலதான் படுத்திருக்காரு. இங்க காத்து கதவப் பிச்சுக்கிட்டு அடிக்குது, உங்க படம் நின்னா எனக்கென்ன? அங்க தனியா உக்காந்து பயந்துக்குவீங்களேன்னுதான் சரின்னேன்."

மண்டபமே சிரித்தது. அவர் மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த படத்தைப் போடச் சொன்னார்.

மாலைவரை கால்மணிக்கு ஒருமுறை போட்டேன். இருட்டும் நேரத்தில் புயல் கரையேறியது. அவர்கள் வீட்டுக் கூரை முழுதாகப் பறந்துபோயிற்று. உள்ளே யாரும் இல்லை.