செல்லக்கனிக்கு அஞ்சு மாசம்

சோழபுரத்துச் செல்லக்கனியிடம் ஊர் கேட்டது ஒரே கேள்விதான். கடைசிப் பிள்ளை தவழ ஆரம்பித்தபோது கேட்டார்கள். அது சுவரைப் பிடித்து எழுந்து நின்றபோது கேட்டார்கள். வாசல்படி தாண்டித் தெருவுக்கு ஓடத் தொடங்கிய பிறகும் கேட்டார்கள்.

“எத்தனை மாசம்?”

கேட்டவர்கள் மேல் பெரிய குற்றம் சொல்ல முடியாது. அவள் வயிறு அப்படித்தான் இருந்தது. கையும் காலும் முகமும் பழைய செல்லக்கனிக்குச் சொந்தம். வயிறு மட்டும், எவளோ இறக்கி வைத்துவிட்டுத் திரும்ப எடுக்க மறந்துபோன சுமை மாதிரி முன்னால் நின்றது.

கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் சீனியம்மாள் அவளைச் சவுக்குக்கம்பு என்பாள். “இந்தக் கம்புல எந்தப் பிள்ளை வந்து தங்கப்போகுது?” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்பாள். கம்பில் மூன்று தங்கின. மூன்றும் பெண். மாமியார் கணக்கில் அது ஒன்றும் தங்காததற்குச் சமம்.

முதல் இரண்டு பிரசவமும் தாய்வீட்டில், தேவதானத்தில். அம்மா பாலம்மாள் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, பழைய வேட்டியை நாலாக மடித்து வயிற்றில் சுற்றி, மகளின் இடுப்பில் தன் முழங்காலை முட்டுக்கொடுத்து இழுத்துக் கட்டுவாள். “மூச்சு முட்டுதும்மா” என்றால், “முட்டட்டும். வயிறு போட்டுட்டா ஒம்புருசன் திரும்பிப் பார்ப்பானா?” என்பாள். பிள்ளை பெற்ற வயிறு கட்டினால்தான் அடங்கும் என்பதில் அந்தப் பக்கத்துப் பெண்களுக்குச் சந்தேகமே கிடையாது. இரண்டு தடவையும் அடங்கத்தான் செய்தது.

மூன்றாவது குறுக்கே கிடந்தது. எண்பத்தேழில், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பாலம்மாள் துவைத்து மடித்த வேட்டியோடு வந்து நின்றாள். தையல் மேல் துணி கட்டக் கூடாது என்று நர்ஸம்மா சொல்லிவிட்டாள். வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு, “போச்சு, எம்மக வயிறு போச்சு” என்று பேத்தியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் அழுதாள் அந்தத் தாய்.

இன்னொரு பிள்ளை உண்டானால் பெரிய உயிருக்கு ஆபத்து என்றார்கள். உடம்பில் ரத்தம் இல்லாததால் அவளுக்குக் குடும்பக்கட்டுப்பாடு செய்வதையும் தள்ளிப்போட்டார்கள். அவள் புருஷன் சோலைராஜுக்கு ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை. மனைவி பாட்டிலும் குழாயுமாகக் கிடந்ததைப் பார்த்த பயத்தில், மில்லில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, விருதுநகருக்குப் பஸ் ஏறிப்போய் முகாமில் ஆம்பளை ஆபரேசன் பண்ணிக்கொண்டு வந்துவிட்டான். வந்து அவள் காதோடு சொன்னான்.

“எங்காத்தாளுக்குத் தெரிஞ்சா அவ கெணத்துல விழுந்துருவா. மில்லுல தெரிஞ்சா நான் விழணும். ஒன் வாயிலயிருந்து மட்டும் இது வெளிய வரக் கூடாது, ஆமா.”

செல்லக்கனி தலையை ஆட்டினாள். அவளுக்கென்று அவன் செய்த ஒரே நல்ல காரியம் அது. அதுவே பின்னால் அவள் கழுத்தைப் பிடித்தது.

வீட்டுக்கு வந்ததும் சீனியம்மாள், “நோகாமப் பெத்தவளுக்கு என்னட்டி படுக்கை? கத்தி பெத்துச்சு, நீயா பெத்த?” என்றாள். தையல் காய்வதற்குள் தண்ணீர்க் குடம் இடுப்பில் ஏறியது. பிள்ளைக்குக் கழுத்து நின்றதும் செல்லக்கனி பேண்டேஜ் கம்பெனிக்குத் திரும்பினாள். தறியிலிருந்து வரும் மெல்லிய துணியை நீள வாட்டில் வெட்டி, மேசையருகே நின்றபடி இறுக்கிச் சுருட்ட வேண்டும். அதுதான் வேலை. எங்கெங்கோ இருக்கிறவர்களின் புண்ணுக்கெல்லாம் அவள் துணி சுருட்டினாள்.

முன்பு மேசை விளிம்பு அவள் இடுப்பெலும்பில் இடிக்கும். இப்போது வயிறுதான் முதலில் போய் முட்டியது. பக்கத்தில் நிற்கும் ஞானபாக்கியம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாள்.

“ஏட்டி செல்லக்கனி, ஒனக்கும் மேசைக்கும் நடுவுல எவட்டி நிக்கா? அவளைச் செத்த தள்ளி நிக்கச் சொல்லு, வேலை நடக்கணும்லா.”

கூடமே சிரிக்கும். செல்லக்கனியும் சிரிப்பாள். சிரிக்காவிட்டால் இன்னும் ரெண்டு விழும்.

குளிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டுதான் சோப்புப் போட்டாள். கைக்கு மூடக் கண் கிடையாதே, அது எல்லாவற்றையும் சொல்லிவிடும். காற்றுப் போன டியூப் மாதிரி மடிந்து தொங்கும் தோல். வெடித்த வெள்ளரிப்பழம் போல நெடுக வரிகள். தொப்புளுக்குக் கீழே நேராக ஓடும் தழும்பு, அதன் இரண்டு பக்கமும் மேடு. மூன்று பிள்ளைகளை வைத்திருந்த இடம் என்று ஒருநாளும் அவளுக்கு அதன்மேல் பெருமை வந்ததில்லை. அறுத்து எடுத்து நாய்க்குப் போட முடிந்தால் போட்டிருப்பாள். சோலைராஜோ, அவள் சேலை மாற்றினால் காலண்டரைப் பார்ப்பான். அவன் கை அவள் தோளோடு நின்றுகொண்டது.

கடைசியில் அவளே கட்டினாள். இழை விட்டுப்போனதென்று கம்பெனியில் ஒதுக்கிய துணியைக் கேட்டு வாங்கிவந்து, ஒட்டுப்போட்டு நீளமாகத் தைத்துக்கொண்டாள். முழங்கால் கொடுத்து இழுக்கத் தாய் பக்கத்தில் இல்லையே. ஒரு முனையை ஜன்னல் கம்பியில் முடிந்துவிட்டு, மறுமுனையை வயிற்றில் வைத்து, தானே சுழன்று சுழன்று துணிக்குள் போவாள். ஜன்னலை எட்டும்போது இடுப்பு பாதியாகியிருக்கும். அதன்மேல் சேலை கட்டினால் பழைய செல்லக்கனி. முதல் தடவை அப்படிக் கட்டிக்கொண்டு ராஜபாளையம் கடைத்தெருவில் நடந்தபோது, ஒரு பாத்திரக் கடைக் கண்ணாடி முன்னால் நின்றுவிட்டாள். கடைக்காரர் என்ன வேண்டுமென்று கேட்ட பிறகுதான் நகர்ந்தாள். அன்று ஒருவரும் மாசம் கேட்கவில்லை.

சாப்பிட்டது மேலே வந்தது. தொப்புள் பக்கம் ஒரு கட்டி தள்ளித் தள்ளி வலித்தது. வலி பெரிதில்லை. அந்தக் கேள்வி இல்லாமல் தெருவைக் கடந்தால் போதும் என்றிருந்தது.

ஒரு காலையில் அவள் ஜன்னலோடு சுழன்றுகொண்டிருந்தபோது, சாத்தாத கதவு வழியே சீனியம்மாள் பார்த்துவிட்டாள். வயிற்றைக் கட்டி மறைக்கிற மருமகளுக்கு அந்தக் கிழவியின் புத்தியில் ஒரே அர்த்தம்தான் உண்டு.

“அடிப் பாவி! வாய்க்கரிசி போட ஒரு பேரன் வாரான்னு பார்த்தா, அவனைக் கட்டி நசுக்குறியாட்டி? இதுவும் பொட்டையா இருக்கும்னு நீயே முடிவு கட்டிட்டியாக்கும்!”

“அத்தை, சத்தியமா ஒண்ணும் இல்ல. வயிறு இறங்கத்தான்…”

“இறங்கத்தான் கட்டுத, அதைத்தான் நானும் சொல்லுதேன்!”

காலை ஷிப்டு முடிந்து வந்து சோற்றில் கைவைத்த மகனிடம் சீனியம்மாள் விஷயத்தை இறக்கினாள். அவளுக்குப் பாதி கோபம், பாதி சந்தோஷம். “ஒம்பொண்டாட்டி உண்டாயிருக்கா, தெரியுமாலே? துணியைக் கட்டி மறைக்கா. நல்லா நாலு போடு. பொறவு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.”

சோலைராஜ் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தான். கையைக் கழுவினான். வெற்றிலை வாங்கிவரச் சொல்லி ஆத்தாளைக் கடைக்கு அனுப்பினான். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டான்.

“யாருது?”

செல்லக்கனிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் காது அடைத்துக்கொண்டது.

“நான் அறுத்துக்கிட்டு வந்தவன். எனக்குத் தெரியாதா? தறிக்கூடத்துல எந்தப் பய?”

“ஒண்ணும் இல்லங்க. வயிறுதான். நீங்கதான் பார்க்கிறதே இல்லையே.”

“அவிழு.”

அவள் ஜன்னல் பக்கம் போய் நின்று, வந்த வழியே திரும்பிச் சுழன்றாள். துணி தரையில் குவிந்தது. வயிறு பிதுங்கி இறங்கித் தன் இடத்தில் உட்கார்ந்தது. நல்ல வெளிச்சம். அவன் இந்தத் தடவை காலண்டரைப் பார்க்க முடியாது.

“தொட்டுப் பாருங்க. காலி. ஒங்களுக்குப் பெத்துப்போட்டுக் காலியான வயிறு.”

அவன் தொடவில்லை. ஓர் அடி பின்னால் போனான்.

“இதை நானே கண்ணைத் திறந்து பார்க்க மாட்டேன். இன்னொருத்தனுக்கா காட்டுவேன்? எந்த ஆம்பளை இதைச் சகிப்பான்?”

அவன் வயிற்றைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், மறுபடி வயிற்றைப் பார்த்தான். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறதென்று அவனுக்குப் பட்டது. அது அவன் முகத்தில் தெரிந்தது. அவன் அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

“டாக்டரு சொல்லட்டும்” என்றான்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டரம்மா அவளைப் படுக்கவைத்து இருமச் சொன்னார். தழும்பருகே பொட்டலம் மாதிரி ஒன்று எழும்பி அமுங்கியது. சோலைராஜை உள்ளே கூப்பிட்டார்.

“பிள்ளையும் இல்ல, ஒண்ணும் இல்ல. தையல் போட்ட இடத்துல உள்சதை விட்டுப்போய்க் குடல் வெளிய தள்ளுது. குடல் இறக்கம். ஆறுறதுக்குள்ள எவ வெயிட் தூக்கச் சொன்னா? இதுல துணியை வேற கட்டி இறுக்கியிருக்கா. ஏம்மா, இனிமே கட்டுன, குடல் சிக்கிச் செத்துப்போவ, ஜாக்கிரதை. ஆபரேசன்தான் பண்ணணும்.”

அவன் காதில் முதல் வார்த்தைதான் விழுந்தது. “பிள்ளை இல்லைல? நிச்சயமா இல்லைல?” என்று ரெண்டு தடவை கேட்டான். வெளியே வந்ததும் சிரித்தான். நேற்றிலிருந்து அவன் முகம் இப்போதுதான் முகமாக இருந்தது. தப்பாக நினைத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று அவள் அவன் வாயையே பார்த்தாள். அவன் பால்கோவா வாங்கினான். அவள் கையில் ஒரு துண்டு வைத்துவிட்டுச் சொன்னான்.

“கொஞ்சமாத் தின்னு. இருக்கிற வயிறு காணாதா?”

சொல்லிவிட்டு அவனே அதற்குச் சிரித்தான். ஆபரேசனைப் பற்றிக் கேட்டபோது, “அறுவடை முடியட்டும், பார்ப்போம்” என்றான். அவனுக்கு நிலமே கிடையாது.

கட்டு இல்லாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவள் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினாள். நல்ல கூட்டம். முன் சீட்டிலிருந்த ஓர் அம்மாள் அவளைக் கண்டதும் எழுந்தாள்.

“வாத்தா, ஒக்காரு. வயித்துப்பிள்ளைக்காரி நிக்கலாமா? எத்தனை மாசம்?”

சோலைராஜ் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தான். செல்லக்கனி அவனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். சீட்டில் உட்கார்ந்தாள். சேலையைச் சரிசெய்து, வயிற்றின் மேல் இரண்டு கையையும் கோத்து வைத்துக்கொண்டாள்.

“அஞ்சு மாசம்” என்றாள், நல்ல சத்தமாக.

மில்லில் அவனோடு வேலைபார்க்கும் இருதயம் அதே பஸ்ஸில் இருந்தான். “ஏலே சோலை! நாலாவதா? மூச்சே காட்டலையே! பெரிய ஆளுதாம்ல நீ!” என்று முதுகில் ஓங்கித் தட்டினான். நாலு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சோலைராஜின் வாய் திறந்தது. இல்லை என்றால் இந்த வயிறு எதற்கு என்று சொல்ல வேண்டும். எப்படித் தெரியும் என்றால் விருதுநகரைச் சொல்ல வேண்டும். வாய் மூடிக்கொண்டது. பிறகு இளித்தான்.

ராஜபாளையத்தில் பஸ் மாறி, ஊரில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

“என்னட்டி புத்தி இது? இன்னும் நாலு மாசம் கழிச்சு என்ன சொல்லுவ?”

“நான் எதுக்குச் சொல்லணும்? பிள்ளை எங்கன்னு ஒங்களைத்தான் கேப்பாவ. நீங்க சொல்லுங்க, எங்க போய் அறுத்துக்கிட்டு வந்தேன்னு.”

அவன் நடையை எட்டிப்போட்டு முன்னால் போனான். அவளுக்கு நடை லேசாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவனை இப்படி வாயடைக்கச் செய்ததில்லை. வயிறு ஆடியது. ஆடட்டும் என்று விட்டாள்.

வாசலில் சீனியம்மாள் மூன்று பேத்திகளோடு காத்துக்கொண்டிருந்தாள். “என்ன சொன்னாவ?”

செல்லக்கனி புருஷனைப் பார்த்தாள். அவன் செருப்பைக் கழற்றுவதில் கவனமாக இருந்தான்.

“அஞ்சு மாசமாம் அத்தை.”

கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இனிக் குடம் தூக்கக் கூடாது என்றாள். இந்த வார்த்தையை அவள் இரண்டு வருஷம் முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.

மூத்தவள் ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்த வயிற்றை ஒருவர் ஆசையோடு தொட்டு எத்தனையோ காலம். குழந்தை காதை அதன்மேல் அழுத்தி வைத்தாள். உள்ளே, வெட்டுப்பட்ட சதைக்கு வெளியே தள்ளிய குடல், பால்கோவாவை வாங்கிக்கொண்டு கடகடவென்று உருண்டது.

“தம்பி அசையுதான் ஆச்சி! கேக்குது எனக்கு!” என்று குழந்தை கத்தினாள்.

சீனியம்மாளுக்குக் கண் கலங்கியது. சோலைராஜ் செருப்பைக் கழற்றி முடிக்கவே இல்லை. செல்லக்கனி மகளின் தலையைத் தள்ளிவிடக் கையை எடுத்தாள். கை அந்தத் தலைமேல் போய் அப்படியே கிடந்தது. குழந்தை மறுபடி அசைவதற்காக மூச்சை அடக்கிக் காத்திருந்தாள்.